ஒரே ஓட்டு, மூடிய திரை: ‘ஸ்விங் வோட்’ பதுங்கிய இடங்கள்

அமெரிக்க அதிபர் யார் என்பது ஒரே ஒரு மனிதனின் ஓட்டில் வந்து நிற்கிறது. அவனுக்கு அரசியல் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. மறுபடி ஓட்டுப் போட 10 நாள் அவகாசம். இந்த ஒன்லைனைக் கேட்டால் எந்தத் தயாரிப்பாளரும் நிமிர்ந்து உட்காருவார். 2008 ஆகஸ்ட் 1 அன்று, ஒபாமா – மெக்கெய்ன் தேர்தலுக்கு மூன்று மாதம் இருக்கும்போது, கெவின் காஸ்ட்னர் நடிப்பில் ‘ஸ்விங் வோட்’ என்ற பெயரில் இது படமாக வந்தது. இயக்கம் ஜோஷுவா மைக்கேல் ஸ்டெர்ன். அவரும் ஜேசன் ரிச்மனும் சேர்ந்து எழுதினார்கள். செலவு சுமார் 2.1 கோடி டாலர், அதில் காஸ்ட்னரின் சொந்தப் பணமும் உண்டு. உலகம் முழுக்கச் சேர்த்தும் வசூல் 1.8 கோடி டாலரை எட்டவில்லை.

இது மோசமான படம் இல்லை, அதனால்தான் ஆய்வுக்கு எடுக்கிறோம். காஸ்ட்னர் தன் நட்சத்திர அந்தஸ்தை மறந்து ஒரு சோம்பேறிக் குடிகாரனாக இறங்கி நடித்திருக்கிறார். மகளாக வரும் மேடலின் கரோல் அவரைவிட ஒரு படி மேல். படத்தின் நடுவில் ஒரு பத்துப் பதினைந்து நிமிடம் அமெரிக்க அரசியல் நையாண்டியில் அபூர்வமான தரத்தில் இருக்கிறது. அந்தத் தரத்தைத் தொட்டுவிட்டு, அடுத்த காட்சியிலிருந்தே படம் பின்வாங்கத் தொடங்குகிறது. எந்தெந்த இடத்தில் பின்வாங்குகிறது, அங்கே வேறு என்ன வழி இருந்தது என்று பார்த்தால் அரசியல் நகைச்சுவை எழுதுகிறவர்களுக்கு உருப்படியான பாடம் கிடைக்கும்.

கதை

நியூ மெக்சிகோ மாநிலத்தில் டெக்ஸிகோ என்ற சிறு ஊர். பட் ஜான்சன் அங்கே ஒரு டிரெய்லர் வீட்டில் 12 வயது மகள் மோலியோடு வாழ்கிறான். மனைவி பிரிந்து போய்விட்டாள். முட்டை பேக் செய்யும் ஆலையில் வேலை, அதுவும் தேர்தல் நாளன்று பறிபோகிறது. சாயந்திரம் வாக்குச்சாவடிக்கு வந்துவிடுவதாக மகளிடம் வாக்குக் கொடுத்தவன், குடித்துவிட்டு மயங்கிக் கிடக்கிறான். காத்திருந்து காத்திருந்து பார்த்த மோலி, அசந்திருந்த ஊழியரின் கண்ணில் படாமல் உள்ளே நுழைந்து அப்பாவின் கையெழுத்தைத் தானே போட்டு வாக்குச்சீட்டை எடுத்து இயந்திரத்தில் விடுகிறாள். அதே நேரம் துப்புரவு வேலை செய்கிற பெண் இயந்திரத்தின் பிளக்கைப் பிடுங்கிவிடுகிறார். சீட்டு கொடுத்ததற்குக் கணக்கு இருக்கிறது, ஓட்டு பதிவாகவில்லை.

மாநிலம் சரிசமமாக முடிகிறது, நாடும் சரிசமம். அதிகாரிகள் பட்டைத் தேடி வருகிறார்கள். மகளைக் காப்பாற்ற, தான்தான் ஓட்டுப் போட்டதாக அவன் சொல்லிவிடுகிறான். உள்ளூர்த் தொலைக்காட்சி நிருபர் கேட் மேடிசன் அவன் பெயரைக் கண்டுபிடித்து வெளியிட்டதும் உலகத்துக் கேமராவெல்லாம் டிரெய்லர் வாசலில் குவிகின்றன. குடியரசுக் கட்சியின் அதிபர் பூன் (கெல்சி கிராமர்), ஜனநாயகக் கட்சி வேட்பாளர் கிரீன்லீஃப் (டென்னிஸ் ஹாப்பர்), இவர்களின் பிரசார மூளைகளாக மார்ட்டின் ஃபாக்ஸும் (ஸ்டான்லி டூச்சி) ஆர்ட் கிரம்பும் (நேதன் லேன்) எல்லோரும் அந்த ஊருக்கு வந்து இறங்குகிறார்கள்.

கணக்கு கச்சிதம்

இந்த ஒன்லைன் வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. 2000 தேர்தலில் அதிபர் யார் என்பதையே தீர்மானித்த ஃப்ளோரிடாவின் 537 ஓட்டு வித்தியாசம் எல்லோருக்கும் தெரியும். அதே தேர்தலில் நியூ மெக்சிகோவின் வித்தியாசம் 366 ஓட்டுதான். படத்துக்கு அந்த மாநிலத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் விவரம் தெரிந்தவர்கள்.

தேர்தல் குழுவின் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். அமெரிக்காவில் அதிபரை முறைப்படித் தேர்ந்தெடுப்பது இந்தக் குழுதான், ஒரு மாநிலத்தில் ஜெயித்தவருக்கு அந்த மாநிலத்தின் குழு வாக்குகள் பெரும்பாலும் மொத்தமாகப் போய்விடும். மொத்தம் 538 வாக்குகள், வெல்ல 270 வேண்டும். நியூ மெக்சிகோவுக்கு அப்போது 5. மீதி 533. அந்த 5 வாக்கு யாருக்குப் போனாலும் அவர் ஜெயிக்க வேண்டுமென்றால் இருவருமே குறைந்தது 265-இல் இருந்தாக வேண்டும். அப்படியானால் 265–268, 266–267, இவற்றின் தலைகீழ் என்று நான்கே நான்கு வகையில்தான் இந்தக் கதை நடக்க முடியும். ஒருவர் 264-இல் நின்றால் 5 கிடைத்தாலும் 269–269 ஆகி விஷயம் பிரதிநிதிகள் சபைக்குப் போய்விடும். கதை நிற்கிற இடம் இவ்வளவு குறுகலானது, ஆனால் உறுதியானது. முதல் அரை மணி நேரம் பார்வையாளர் எதையும் கேள்வி கேட்காமல் கூடவே வருவதற்கு இதுதான் காரணம்.

படம் உயிரோடு இருக்கும் இடம்

பட் கேமரா முன்னால் வாய்க்கு வந்ததைச் சொல்கிறான். அவன் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் மறுநாளே ஒரு கட்சியின் கொள்கையாகிவிடுகிறது. குடியரசுக் கட்சி அதிபர் சுற்றுச்சூழல் காவலராகிறார். பிறகு ஒருபால் திருமணத்தை ஆதரித்து விளம்பரத்தில் தோன்றுகிறார். ஜனநாயகக் கட்சி வேட்பாளர் எல்லையை மூடுவேன் என்கிறார். அதற்கும் மேலே போய்க் கருக்கலைப்பை எதிர்க்கிறார். எல்லாமே அந்தந்தக் கட்சி வழக்கமாகப் பேசுவதற்கு நேர் எதிர்.

இந்தக் கடைசி விளம்பரத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒரு பூங்கா. பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். நடுவில் டென்னிஸ் ஹாப்பர் கனிந்த முகத்தோடு கேமராவைப் பார்த்துப் பேசுகிறார். அவர் பேசப் பேச, பின்னால் இருக்கும் பிள்ளைகள் ஒவ்வொருவராகப் புகையாகி மறைகிறார்கள். ஹாப்பர் முகத்தில் ஒரு இழைகூட நகைச்சுவை காட்டவில்லை. விளம்பர மொழி சுத்தம், வெளிச்சம் சுத்தம், குரலில் தழுதழுப்பு. உண்மையான கட்சி விளம்பரம் எப்படி எடுப்பார்களோ அப்படியே எடுத்திருக்கிறார்கள். சிரிப்பு நமக்குத் தாமதமாக வருகிறது, வந்த வேகத்தில் தொண்டையில் நிற்கிறது. காரணம், இந்தக் கட்சி இப்படிப் பேசவே கூடாது என்பது நமக்குத் தெரியும்.

அரசியல் நகைச்சுவைக் காட்சி ஒன்றைச் சோதிக்க எளிய வழி, கட்சிப் பெயர்களை இடம் மாற்றிப் படிப்பது. மாற்றிய பிறகும் காட்சி அப்படியே வேலை செய்தால் அதில் அரசியல் இல்லை, பொதுவான கிண்டல்தான் இருக்கிறது. ‘ஸ்விங் வோட்’டில் பட்டை அதிபரின் விமானத்துக்குள் கூட்டிப்போய் உபசரிக்கும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே எந்தக் கட்சியின் அதிபரை உட்கார வைத்தாலும் ஒரு வரி மாறாது. பட்டின் பழைய இசைக்குழுவைத் தேடிப் பிடித்து, வில்லி நெல்சனையே வரவழைத்து நடத்தும் விருந்தும் அப்படித்தான். ஆனால் அந்த நான்கு விளம்பரங்களில் கட்சியை மாற்றினால் காட்சியே செத்துவிடும். சுற்றுச்சூழலை ஆதரிக்கும் ஜனநாயகக் கட்சிக்காரர் யாருக்கும் சிரிப்பு மூட்ட மாட்டார். மொத்தம் 120 நிமிடப் படத்தில் இந்தச் சோதனையில் தேறுவது ஏறக்குறைய இந்த விளம்பரங்கள் மட்டுமே.

முதல் பின்வாங்கல்: விலை கொடுப்பவர் யாரும் இல்லை

விளம்பரம் ஒளிபரப்பானதும் என்ன நடக்க வேண்டும்? ஆறு மாதம் வீடு வீடாகப் படியேறி ஆள் சேர்த்த கட்சித் தொண்டர், தன் தலைவர் தொலைக்காட்சியில் தலைகீழாகப் பேசுவதைப் பார்க்க வேண்டும். நன்கொடை கொடுத்தவர் தொலைபேசியில் கத்த வேண்டும். தேவாலயக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து கேட்க வேண்டும். படம் இவர்களுக்கெல்லாம் இடமே கொடுக்கவில்லை. எதிர்ப்பு என்று வருவது பிரசார அறைக்குள் உதவியாளர்கள் முகம் சுளிப்பதோடு சரி.

இந்த ஒன்லைனின் உண்மையான விஷம் இங்கேதான் இருக்கிறது, எழுதியவர்கள் அதன்மேல் கை வைக்கவே இல்லை. மற்ற எல்லோரும் ஏற்கெனவே ஓட்டுப் போட்டுவிட்டார்கள். 2004-இல் அமெரிக்காவில் பதிவானவை 12 கோடிக்கும் மேற்பட்ட ஓட்டுகள். அந்த 12 கோடிப் பேரின் கையிலும் இப்போது ஒன்றும் இல்லை. சாதாரணத் தேர்தலில் ஒரு கட்சி தன் அடித்தளத்தை முற்றிலும் கைவிடாது, கைவிட்டால் அவர்கள் வீட்டிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். இங்கே அந்தப் பயம் பூஜ்யம். அடித்தளத்தை விற்பதில் கட்சிக்கு ஒரு காசு நஷ்டம் கிடையாது. பட்டின் ஓட்டு விழுகிற வரைக்கும் கட்சி எதையும் சொல்லலாம், எப்படியும் திரும்பலாம். இதைப் புரிந்துகொண்ட ஒரே ஒரு தொண்டர் பாத்திரம் இருந்திருந்தால் படம் வேறு ஜாதியாக மாறியிருக்கும்.

ஓட்டுப் போட்டு முடித்த மக்களைப் படம் கொண்டுவரவே இல்லை என்று சொல்ல முடியாது. நாடு முழுவதிலிருந்தும் பட்டுக்குக் கடிதங்கள் வருகின்றன, மோலிதான் அவற்றைப் படிக்கிறாள். நல்ல யோசனை. ஆனால் அந்தக் கடிதங்கள் கஷ்டத்தைச் சொல்கின்றனவே ஒழிய, கட்சிகளின் பல்டியைக் கேள்வி கேட்பதில்லை. கோபமாக வந்திருக்க வேண்டியதைப் படம் கண்ணீராக மாற்றிவிட்டது.

இரண்டாவது: இரண்டு நல்லவர்கள்

பூனும் கிரீன்லீஃபும் ஒரே அளவுக்குத் தவறு செய்கிறார்கள், பிறகு ஒரே அளவுக்கு மனசாட்சி உறுத்தப்படுகிறார்கள். பழி ஆலோசகர்கள் தலையில் விழுகிறது. அவர்களிலும் கிரம்புக்குக் கொஞ்சம் குற்ற உணர்ச்சி கொடுத்து மென்மையாக்குகிறார்கள். வேட்பாளர்கள் அடிப்படையில் கண்ணியமானவர்கள், சுற்றியிருப்பவர்கள்தான் கெடுக்கிறார்கள் என்ற தீர்ப்புக்குப் படம் வந்து சேர்கிறது.

தராசின் இரண்டு தட்டிலும் சம எடை வைப்பது நியாயம்போலத் தோன்றும். நடைமுறையில் அது கதையின் மோதலைக் கொன்றுவிடுகிறது. இருவரும் சமம் என்றால் பட் யாருக்குப் போட்டால் என்ன? அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாதபோது கடைசி அரை மணி நேரத்தின் பதற்றம் எதன்மேல் நிற்கும்? எழுத்தாளர்களுக்கும் இது தெரிந்திருக்கும். அதனால்தான் அந்த இடத்தில் பதற்றத்தை அரசியலிலிருந்து எடுத்து அப்பா–மகள் உறவின்மேல் ஏற்றுகிறார்கள். மோலி அம்மாவைத் தேடிப் போவதும், அம்மாவால் அவளை வைத்துக்கொள்ள முடியாமல் போவதும் தனியாகப் பார்த்தால் நல்ல காட்சிகள். அம்மாவாக மேர் வின்னிங்ஹாம் சில நிமிடங்களே வந்தாலும் மனதில் நிற்கிறார். ஆனால் அந்தக் காட்சிகள் நடக்கும் நேரத்தில் அதிபர் தேர்தல் கதைக்கு வெளியே காத்துக்கிடக்கிறது.

வணிகக் காரணம் வெளிப்படை. பார்வையாளர்கள் பாதிக்குப் பாதி பிரிந்து கிடக்கும் நாட்டில், தேர்தல் ஆண்டில், பெரிய ஸ்டுடியோ வழியாக வெளியாகும் படம். ஒரு பக்கத்தை நோகடித்தால் பாதி டிக்கெட் போச்சு என்ற பயம். யாரையும் நோகடிக்காமலும் படம் போட்ட பணத்தை எடுக்கவில்லை.

மூன்றாவது: வெடிக்காத பொய்

திரைக்கதையின் முதல் பகுதியில் ஒரு வெடிகுண்டு வைக்கப்பட்டிருக்கிறது. அந்த ஓட்டே கள்ள ஓட்டு. 12 வயதுச் சிறுமி போட்ட கையெழுத்து. அதன்மேல் ஒரு வயது வந்தவர் சொன்ன பொய். அதிபரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பட்டுக்குக் கிடைத்ததே அந்தப் பொய்யால்தான்.

இப்படி ஒரு தேர்தலில் இரு கட்சியின் வக்கீல்களும் முதல் நாளே கேட்கும் ஆவணம் வாக்குச்சாவடிப் பதிவேடு. அதில் இருக்கும் கையெழுத்தை ஓட்டுநர் உரிமத்தில் உள்ள கையெழுத்தோடு வைத்துப் பார்ப்பார்கள். அரை நாள் வேலை. கதை நியாயப்படி இந்த உண்மை ஆறாவது, ஏழாவது நாளில் ஒரு கட்சியின் கையில் கிடைக்க வேண்டும். கிடைத்தவர் வெளியிடுவாரா, பட்டை மிரட்டுவாரா, பதுக்குவாரா என்று அங்கிருந்து மூன்று வழி திறக்கிறது. மூன்றுமே கட்சியின் குணத்தைக் காட்டிக்கொடுக்கும். படமோ அந்தப் பொய்யை அப்பாவுக்கும் மகளுக்கும் இடையிலான பாசச் சின்னமாகவே கடைசி வரை வைத்திருக்கிறது. ஊரறிய அது வெடிப்பதே இல்லை.

வர்ஜீனியாவில் நடந்ததை இதோடு ஒப்பிடலாம். 2017 நவம்பரில் அந்த மாநிலப் பிரதிநிதிகள் அவைத் தேர்தல். 94-ஆவது தொகுதியில் மறு எண்ணிக்கைக்குப் பிறகு ஷெல்லி சைமண்ட்ஸ் ஒரே ஓட்டில் ஜெயித்தார், 11,608-க்கு 11,607. மறுநாளே நீதிபதிகள் குழு ஒரு சீட்டைத் திரும்ப எடுத்தது. அதில் இரண்டு வேட்பாளர்களின் வட்டமும் நிரப்பப்பட்டிருந்தன, சைமண்ட்ஸின் வட்டத்தின்மேல் ஒரு கோடு மட்டும் இழுத்திருந்தது. அந்தச் சீட்டை எதிராளியான குடியரசுக் கட்சியின் டேவிட் யான்சிக்குச் சேர்த்தார்கள். 11,608-க்கு 11,608. 2018 ஜனவரி 4 அன்று இரண்டு பெயர்களையும் எழுதி, பழைய ஃபிலிம் ரோல் டப்பாக்களில் போட்டு, ஒரு பீங்கான் கிண்ணத்தில் வைத்துக் குலுக்கி எடுத்தார்கள். யான்சி வந்தார். அவை 50–50 ஆகாமல் 51–49 என்று குடியரசுக் கட்சியிடம் நின்றது. யாரோ ஒருவரின் பேனாக் கோடு ஒரு மாநிலத்தின் பெரும்பான்மையைத் தீர்மானித்தது. அந்தக் கோட்டுக்கு என்ன பொருள் என்பதே அங்கே சட்ட வாதம் ஆனது. நகைச்சுவை எழுத்தாளருக்கு இதைவிடப் பெரிய சுரங்கம் தேவையில்லை. ‘ஸ்விங் வோட்’ பிளக்கைப் பிடுங்கிய கையோடு சட்டத்தை மறந்துவிட்டது.

நான்காவது: குற்றவாளி மாறிவிடுகிறார்

கடைசி விவாதத்தில் பட் எழுந்து பேசுகிறான். தான் நாட்டுக்கு எதுவும் செய்ததில்லை, கேட்டதையெல்லாம் பெற்றுக்கொண்டு எதையும் கொடுக்காதவன், நாட்டுக்கு எதிரி ஒருவன் உண்டென்றால் அது தான்தான் என்கிற பொருளில் அந்தப் பேச்சு போகிறது. காஸ்ட்னர் அதை மனதாரப் பேசுகிறார். கேட்கும்போது கண் கலங்குவது உண்மை.

ஆனால் காட்சியின் அமைப்பைக் கவனியுங்கள். மேடையில் இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒரு ஓட்டுக்காகத் தங்கள் கொள்கை முழுவதையும் விற்றவர்கள். எதிரே நிற்பவன் ஆலை வேலையை இழந்த, டிரெய்லரில் குடியிருக்கும் தொழிலாளி. இந்த மூவரில் மன்னிப்புக் கேட்பவன் தொழிலாளி! இரண்டு மணி நேரமாக அரசியல்வாதிகளை நோக்கி நீண்டிருந்த விரல் கடைசியில் வாக்காளன் பக்கம் திரும்பிவிட்டது. பட் கையில் மக்களின் கேள்விகள் இருக்கின்றன, கேட்கவும் தொடங்குகிறான். வேட்பாளர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்பதில்தான் இந்தப் படத்தின் முழு அரசியலும் இருந்திருக்க வேண்டும். அந்த விவாதத்தின் உள்ளடக்கம் ஏறக்குறைய படத்தில் இல்லை.

ஐந்தாவது: திரை

பிறகு பட் வாக்குச்சாவடிக்குள் போகிறான், திரை மூடுகிறது, படம் முடிகிறது. யாருக்குப் போட்டான் என்று சொல்லவில்லை. இதை முதிர்ச்சியான முடிவு என்று வாதிடுபவர்கள் உண்டு. யாருக்கு என்பது முக்கியமில்லை, ஓட்டுப் போட்டதே முக்கியம் என்பது அவர்கள் கட்சி.

இந்த வாதம் கதையின் தர்க்கத்திலேயே நிற்காது. ரகசிய வாக்கு என்பது கூட்டத்தில் ஒளிந்துகொள்ளும் வசதி. ஆயிரம் சீட்டோடு என் சீட்டும் கலந்துவிடும் என்ற நம்பிக்கை. பட்டுக்கு அந்தக் கூட்டமே இல்லை. அவன் சீட்டை எண்ணிய அடுத்த நிமிடம் அதிபர் பெயர் அறிவிக்கப்படும். அறிவித்ததும் அவன் யாருக்குப் போட்டான் என்பது உலகத்துக்கே தெரிந்துவிடும். கதை உலகத்தில் அந்த ரகசியத்துக்குச் சில நிமிட ஆயுள்தான். அந்தச் சில நிமிடத்துக்குள் படத்தை முடித்துக்கொண்டால்தான் தப்பிக்க முடியும். அந்த இடத்தைச் சரியாகத் தேடிப்பிடித்து முடித்திருக்கிறார்கள்.

ஒற்றை ஓட்டு அம்பலமாகிவிடும் என்ற இந்தச் சிக்கல் நம் தேர்தல் சட்டத்திலும் வருகிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-இன் 58-ஆம் பிரிவு, இயந்திரம் பழுதாகி ஒரு சாவடியின் முடிவை அறிய முடியாமல் போனால் அந்தச் சாவடி முழுவதற்கும் மறுவாக்குப்பதிவு நடத்த வழி செய்கிறது. ஒரு ஆளை மட்டும் கூப்பிட்டுத் திரும்பப் போடச் சொல்வதில்லை. சரிசமமாக முடிந்தால் 65-ஆம் பிரிவின்படி குலுக்கல். உன் பெயரில் ஏற்கெனவே யாரோ போட்டுவிட்டார்கள் என்றால் கிடைக்கும் டெண்டர் வாக்கு, வழக்கமான எண்ணிக்கையில் சேராமல் தனி உறையில் போகும். குஜராத்தின் கிர் காட்டுக்குள் பானேஜில் ஒரே ஒரு வாக்காளருக்காகச் சாவடி அமைப்பதைப் பெருமையோடு செய்தியாக்குகிறார்கள். அங்கேயும் இதே கேள்வி இருக்கிறது: அந்தச் சாவடியின் ஓட்டு யாருக்கு என்பதை எப்படி மறைப்பது?

‘ஸ்விங் வோட்’ வெளியாகி நான்கு மாதத்தில், 2008 டிசம்பரில், ராஜஸ்தானின் நாத்வாரா தொகுதியில் மாநிலக் காங்கிரஸ் தலைவர் சி.பி. ஜோஷி ஒரே ஓட்டில் தோற்றார். 62,216-க்கு 62,215. முதல்வர் பதவிக்குப் பேசப்பட்டவர். டெண்டர் வாக்குகளை எண்ணுவது பற்றிய சண்டை உச்ச நீதிமன்றம் வரை போனது. 1999 ஏப்ரல் 17 நமக்கு இன்னும் நெருக்கம். 269-க்கு 270 என்று ஒரு ஓட்டில் வாஜ்பாய் அரசு விழுந்தது. அதுவரை ஆதரித்த அதிமுக எதிராகப் போட்டது, அதுவரை எதிர்த்த திமுக ஆதரித்துப் போட்டது. சில வாரத்துக்குள் இரு கழகமும் தேசியக் கூட்டணியில் இடம் மாறி உட்கார்ந்தன. படத்தின் அந்த நான்கு விளம்பரங்களையும் சென்னையில் உட்கார்ந்து பார்க்கும் ஒருவருக்கு மிகை என்றே தோன்றாது.

அதே ஒன்லைன், சூரங்குடியில்

2021 ஏப்ரல் 4 அன்று, தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு தொலைக்காட்சியில் நேரடியாக வந்த மடோன் அஸ்வினின் ‘மண்டேலா’ இதே விதையிலிருந்து முளைத்தது. சூரங்குடி என்ற ஊரில் ஊராட்சித் தேர்தல், இரண்டு சாதி, இரண்டு பக்கமும் சம ஓட்டு, நடுவில் முடிதிருத்தும் ஒருவரின் புது வாக்காளர் அட்டை. அஞ்சல் நிலையத்தில் கணக்குத் தொடங்கப் போனபோதுதான் அவருக்குப் பெயரே கிடைக்கிறது.

அந்தப் படத்திலும் குறை சொல்லலாம், பிற்பாதியில் கொஞ்சம் நல்லெண்ணப் பிரசாரமாக நகர்கிறது. ஆனால் அடிப்படையான இரண்டு விஷயத்தில் அது பதுங்கவில்லை. ஒன்று, இரு தரப்பும் ஏன் எதிரெதிர் என்பதற்குச் சாதி என்ற பெயரைச் சொல்லிவிடுகிறது. தொடக்கத்திலேயே ஊருக்கென்று கட்டிய கழிப்பறை, யார் முதலில் போவது என்ற சண்டையில் இடிகிறது. பெயர் மாற்றும் சோதனையை இங்கே போட்டால் படமே நிற்காது. இன்னொன்று, ஓட்டின் விலையைப் பொருளாகக் கேட்கிறது. கழிப்பறை, சாலை என்று கண்ணால் பார்த்துக் கையால் தொடக்கூடிய பொருள். சலுகைக்குப் பின்னால் நிற்கும் மிரட்டலையும் காட்டுகிறது. ஓட்டை வைத்திருப்பவனுக்கு ஆபத்து உண்டு என்ற உணர்வு பார்ப்பவருக்கு இருந்துகொண்டே இருக்கிறது. பட் ஜான்சனுக்குப் படம் முழுக்க உபசாரம்தான், ஒரு கல்கூட டிரெய்லர் கண்ணாடியில் விழவில்லை. ஒரு நாடே அவன்மேல் கோபமாக இருக்கும் 10 நாளில் இது நம்பக்கூடியது இல்லை.

பழுது பார்த்தால்

‘ஸ்விங் வோட்’டை அடியோடு மாற்றி எழுதத் தேவையில்லை. திரைக்கதையில் ஒரு பக்கம் திரையில் ஏறக்குறைய ஒரு நிமிடம். எட்டுப் பக்கம் சேர்த்தால் போதும். அதற்கான இடத்தை நிருபர் கேட்டின் வேலைக் கனவு, இசைக்குழு விருந்து இரண்டிலிருந்தும் வெட்டி எடுக்கலாம். நிஜத் தொலைக்காட்சிப் பிரபலங்கள் அவரவராகவே வந்து போகும் துணுக்குகளிலும் பாதியைக் கழிக்கலாம், அவர்களிடம் படம் எதையும் கேட்கவில்லை.

முதலில் ஒரு தொண்டர். நியூ மெக்சிகோவின் பெரிய நகரமான ஆல்புகர்க்கியில் பெண்கள் உரிமைக்காக ஜனநாயகக் கட்சிக்கு உழைத்த நடுத்தர வயதுப் பெண் என்று வைத்துக்கொள்ளலாம். பூங்கா விளம்பரத்தை அவர் கட்சி அலுவலகத் தொலைக்காட்சியில் பார்க்கட்டும். வசனம் வேண்டாம். மேசையில் இருக்கும் துண்டறிக்கைக் கட்டை எடுத்து அட்டைப்பெட்டியில் திரும்ப அடுக்கினால் போதும். ஒன்றரைப் பக்கம். இதே பெண்ணை டெக்ஸிகோவுக்கு வரவழைத்து, பட்டின் வாசலில் கேமராக்காரர்களுக்கு நடுவே நிற்க வைத்தால் கடிதங்கள் செய்ய முடியாததை அவர் செய்வார். அவனிடம் அவர் கேட்க வேண்டியது ஓட்டு இல்லை. ‘நீ அப்படிச் சொன்னது நிஜமாகவே உன் கருத்தா?’ என்ற ஒரே கேள்வி. பட் முதல்முறையாக வெட்கப்படும் இடம் இதுவாக இருந்தால், கடைசிப் பேச்சு தானாகவே வேறு திசைக்குப் போகும்.

அடுத்தது கையெழுத்து. ஏழாம் நாள் ஃபாக்ஸ் கையில் பதிவேட்டின் நகல் கிடைக்கட்டும். அவன் அதை வெளியிடாமல், அதிபரிடம் காட்டட்டும். பூனின் கண்ணியம் எவ்வளவு என்பதை அந்த ஒரு அறையில் ஒரு காகிதம் அளந்துவிடும். இப்போதைய படத்தில் அவருக்கு மனசாட்சி சும்மா கிடைக்கிறது, இந்தக் காட்சியில் அதற்கு அவர் தேர்தலையே பணயம் வைக்க வேண்டியிருக்கும். அவர் காகிதத்தைக் கிழித்தாலும் சட்டைப் பையில் வைத்தாலும் இரு வேட்பாளர்களும் இனிச் சமமாக இருக்க முடியாது.

விவாதத்தில் இரண்டு பதில்கள் முழுதாக வேண்டும். ஒன்று நேர்மையாக, மற்றது சாமர்த்தியமாக. எது யாருடையது என்பதை எழுதுகிறவர் துணிந்து முடிவு செய்தாக வேண்டும்.

கடைசியாகத் திரை. அதைத் திறக்க வேண்டாம், பட் தனியாகவே போடட்டும். படத்தை மட்டும் அங்கே நிறுத்தாமல் மறுநாள் காலைக்குக் கொண்டுபோனால் போதும். தொலைக்காட்சியில் ஒரு பெயர் ஓடுகிறது. ஒளிபரப்பு வேன்கள் கேபிளைச் சுருட்டிக்கொண்டு கிளம்புகின்றன. மோலி பள்ளிக்குப் போக வேண்டும். அந்தப் பேருந்தில் இருக்கும் பிள்ளைகளில் பாதிப் பேரின் வீட்டில் ராத்திரி முழுக்க அவள் அப்பாவைத் திட்டியிருப்பார்கள். கதவு திறக்கிறது, அவள் ஏறுகிறாள், எந்த இருக்கையில் யார் நகர்ந்து இடம் கொடுக்கிறார்கள் என்று கேமரா பார்க்கட்டும்.